மொட்டைக் கடுதாசி

மொட்டைக் கடுதாசிக்கு நம் ஊரில் நல்ல பெயர் கிடையாது. பிரமோஷன் லிஸ்ட் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் தலைமை ஆபீஸுக்கு ஒன்று போகும். கையெழுத்து இருக்காது. இருந்தால் 'உண்மை விளம்பி' என்று இருக்கும். உண்மை பாதி, பொறாமை பாதி. இந்தத் தொல்லை தாங்காமல்தான், பெயரில்லாத புகார்கள் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று சென்ட்ரல் விஜிலென்ஸ் கமிஷன் 1999ல் சுற்றறிக்கையே விட்டது.

நான் சொல்லப்போவது வேறு ஜாதி மொட்டைக் கடுதாசி.

அமெரிக்காவில் அலபாமா மாநிலம், காட்ஸ்டன் என்ற ஊர். அங்கே குட்இயர் கம்பெனியின் டயர் தொழிற்சாலை. லில்லி லெட்பெட்டர் என்ற பெண்மணி 1979ல் வேலைக்குச் சேர்ந்தார். பெரும்பாலான வருஷங்கள் ஏரியா மேனேஜர். சேர்ந்தபோது அவர் சம்பளமும் கூட இருந்த ஆண்களின் சம்பளமும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்புறம் வருஷா வருஷம் இன்க்ரிமென்ட் என்ற பெயரில் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விழுந்திருக்கிறது. அது அவருக்குத் தெரியாது. சம்பளத்தைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசக் கூடாது என்பது அங்கே சட்டம்.

ஏறக்குறைய 19 வருஷம் கழித்து, ரிடையர்மென்ட் நெருங்கும் சமயத்தில், அவருக்கு வரும் தபால்களோடு ஒரு துண்டுச் சீட்டு. கையெழுத்து கிடையாது. நாலு பெயர், நாலு சம்பளம். ஒன்று அவருடையது. மற்ற மூன்றும் அதே வேலை பார்த்த ஆண்களுடையவை.

1997 கடைசியில் இருந்த கணக்கு இது. லில்லிக்கு மாதம் 3,727 டாலர். ஏரியா மேனேஜர்களில் அவர் ஒருவர்தான் பெண். மற்ற 15 ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கு 4,286. அதிகமாக வாங்கியவருக்கு 5,236. இது மாதச் சம்பளத்தோடு முடிகிற விஷயமில்லை. ஓவர்டைம், பென்ஷன் எல்லாமே இந்த எண்ணின் மேல் கட்டிய மாடிகள்.

லில்லி கேஸ் போட்டார். ஜூரி, 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. சட்டத்தில் இருந்த உச்சவரம்பினால் அது 3,60,000 டாலராகக் குறைந்தது. அப்பீலில் அதுவும் போயிற்று. 2007 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், அப்பீல் கோர்ட் சொன்னதுதான் சரி என்றது. காரணம்? பாகுபாடு நடந்த 180 நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டுமாம். ஒவ்வொரு தடவை சம்பளம் நிர்ணயம் செய்தபோதும் அந்த 180 நாள் ஓடி முடிந்துவிட்டது. தெரியாத விஷயத்துக்கு எப்படிப் புகார் கொடுப்பது என்பதுதான் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க்கின் கேள்வி. கோபம் தாங்காமல் தன் தீர்ப்பை கோர்ட்டிலேயே உரக்கப் படித்தார். சட்டத்தைத் திருத்தும் பொறுப்பு இனி நாடாளுமன்றத்துடையது என்றார்.

திருத்தினார்கள். ஒபாமா ஜனாதிபதியானதும் முதன்முதலில் கையெழுத்துப் போட்ட சட்டம் அது. 2009 ஜனவரி 29. சட்டத்துக்குப் பெயரே லில்லி லெட்பெட்டர் சட்டம். இனிமேல் குறைந்த சம்பளம் கைக்கு வரும் ஒவ்வொரு தடவையும் அந்த 180 நாள் புதிதாக ஆரம்பிக்கும். பின்னால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த லில்லிக்கு அந்தச் சட்டத்தால் ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை. 2024 அக்டோபரில், 86 வயதில் காலமானார்.

எனக்கு இந்தக் கதையில் லில்லியை விட அதிகமாகக் குடைச்சல் கொடுப்பவர் அந்தச் சீட்டை எழுதியவர்.

அவர் நல்லவரா, கோழையா? அவர் இல்லாவிட்டால் கேஸே இல்லை, சட்டமும் இல்லை. ஆனால் அவருக்கு அந்த நாலு சம்பளமும் எத்தனை வருஷமாகத் தெரியும்?

பழைய காலத்துப் பாகுபாட்டில் ஒரு சௌகரியம் இருந்தது. எழுதி வைத்தார்கள். சி.பி.முத்தம்மா குடகுக்காரர், சென்னையில் படித்தவர், 1949ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். கல்யாணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்துவிடுகிறேன் என்று ஆரம்பத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1961ல் வந்த விதிப்படி, பெண் அதிகாரி கல்யாணத்துக்கு முன் அரசாங்கத்திடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கொடுத்த பிறகும், குடும்பப் பொறுப்பு வேலையைப் பாதிக்கும் என்று தோன்றினால் போகச் சொல்லலாம். ஆண் அதிகாரிக்கும் குடும்பம் உண்டே என்று விதி எழுதியவர் யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் வீட்டில் குடும்பத்தை வேறு யாரோ பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

பதவி உயர்வு மறுக்கப்பட்டதும் முத்தம்மா உச்ச நீதிமன்றம் போனார். கேஸ் நடக்கும்போதே அரசு அவசரமாகப் பதவி உயர்வு கொடுத்தது. அந்த விதிகளில் ஒன்றை எடுத்துவிட்டோம், இன்னொன்றை எடுக்கப் போகிறோம் என்றது. 1979ல் நீதிபதி கிருஷ்ணய்யர், பதவிதான் கிடைத்துவிட்டதே என்று மனுவைத் தள்ளுபடி செய்தார். ஆனால் பிரச்னையைத் தள்ளுபடி செய்யவில்லை. கல்யாணமான ஆணுக்கு உள்ள உரிமை கல்யாணமான பெண்ணுக்கும் உண்டு, பெண்களுக்கு எதிரான கறை படிந்த விதிகளையெல்லாம் தேடிக் களையுங்கள் என்று அரசுக்குச் சொன்னார்.

எல்லா இலாகாவும் தேடவில்லை போலிருக்கிறது. ஒன்பது வருஷம் கழித்து, 1988ல், ராணுவ நர்சிங் சர்வீஸில் ஒரு பெண் அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டார் என்பதற்காக வீட்டுக்கு அனுப்பினார்கள். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அது அப்பட்டமான பாகுபாடு என்று சொல்லி, அவருக்கு 60 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 36 வருஷம்! அதுவும் விதி எழுத்தில் இருந்ததால்தான். கோர்ட்டில் காட்டுவதற்குக் காகிதம் இருந்தது.

அடுத்த கட்டத்தில் முதலாளிகள் கொஞ்சம் புத்திசாலிகள் ஆனார்கள். வேலையின் பெயரை மாற்றினார்கள். மெக்கின்னன் மெக்கன்சி கம்பெனியில் ஆண் ஸ்டெனோகிராபர், 'கான்ஃபிடென்ஷியல் லேடி ஸ்டெனோகிராபர்' என்று இரண்டு வகை. ஷார்ட்ஹேண்டும் ஒன்றுதான், டைப்ரைட்டரும் ஒன்றுதான். சம்பளம் மட்டும் வேறு. இவர்கள் தனிப் பிரிவு என்றது கம்பெனி. யூனியனும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அது என்றது. ஆட்ரி டி'கோஸ்டா என்ற ஸ்டெனோ தொடர்ந்த இந்த வழக்கில் 1987ல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. அந்த நாற்காலியில் பெண்கள் மட்டும் இருந்தால், நீங்கள் அங்கே பெண்களைத்தான் உட்கார வைத்தீர்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான். கம்பெனியில் பணமில்லை என்பதும் சாக்கு ஆகாது என்றது. எனக்கு இதில் நெருடுவது யூனியன். உரிமைக்காகவே சங்கம் வைத்தவர்கள், கூட வேலை பார்த்த பெண்களின் குறைந்த சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார்கள்.

இன்றைக்கு யாரும் எழுதுவதில்லை. சொல்வதோடு சரி.

ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஐபோன் அசெம்ப்ளி வேலைக்குக் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. கம்பெனி வன்மையாக மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. யார் சொல்வது சரி என்ற தீர்ப்புக்குள் நான் போகவில்லை. செய்தியில் நான் கவனித்தது வேறு. ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட்டுகளுக்கு இந்த விஷயம் வாய்மொழியாகத்தான் சொல்லப்பட்டது என்றது செய்தி. சொன்னவர்களில் முக்கியமான ஒருவர், அங்கே பர்சனல் பிரிவில் முன்பு வேலை பார்த்தவர். 'முன்பு' என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாதி விஷயத்தில் இன்னும் மோசம். பாதிக்கப்பட்டவருக்கே தெரியாது. சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2007ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. படிப்பிலும் தகுதியிலும் சமமான விண்ணப்பங்களை, மேல்ஜாதிப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர் போட்டுத் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். பின்னால் சொன்ன இரண்டு வகைப் பெயர்களுக்கும் அழைப்பு குறைவாக வந்தது. நம் ஊரில் பெயருக்குப் பின்னால் ஜாதி இல்லையே என்று நாம் பெருமைப்படலாம். அதற்குத்தான் 'நேட்டிவ் எது?' என்ற கேள்வி இருக்கிறது. ஊரைச் சொன்னால், 'ஊர்ல எந்தப் பக்கம்?' விண்ணப்பத்தை ஒதுக்கிய காரணம் அந்தப் பையனுக்குத் தெரியவே தெரியாது. பயோடேட்டாக்களை அடுக்கி வைத்த கிளார்க்குக்குத் தெரியும்.

சட்டம் என்ன தருகிறது என்று கேட்பீர்கள். தருகிறது, ஆனால் துண்டு துண்டாக. அரசு வேலை என்றால் அரசியல் சட்டத்தின் 14, 15, 16 பிரிவுகள் இருக்கின்றன, ஹைகோர்ட்டுக்கு ரிட் போகலாம். தனியார் கம்பெனிக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. ஒரே மாதிரி வேலைக்கு ஆண், பெண் சம்பள வித்தியாசம் கூடாது என்ற 1976ம் வருஷச் சட்டம், 2025 நவம்பர் 21லிருந்து அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் கரைந்துவிட்டது. வேலைக்கு எடுப்பதிலும் பாகுபாடு கூடாது என்று அதில் இருக்கிறது. சம்பளப் பாக்கி கேட்க மூன்று வருஷம் அவகாசம். லில்லிக்குக் கிடைத்த 180 நாளை விட நாம் தாராளம். மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டம், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 2017 சட்டம், தலித், பழங்குடியினர் மேல் இழைக்கப்படும் கொடுமைக்கு 1989 சட்டம். ஆனால் 'ஜாதிக்காக, மதத்துக்காகத் தனியார் வேலை மறுக்கக் கூடாது' என்று பொதுவாக ஒரே ஒரு சட்டம், இன்றைய தேதியில் நம்மிடம் இல்லை. இதை நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு யாரும் சொன்னதில்லை.

எந்தச் சட்டமானாலும் புகார் கொடுத்தவரிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். ஆதாரம் என்ன? ஆர்டர், இன்க்ரிமென்ட் லெட்டர், மெயில், தேதி போட்டு எழுதிய குறிப்பு எதையும் தூக்கிப் போடாதீர்கள் என்று வக்கீல்கள் சொல்வது அதனால்தான். மெயிலை வேலை போவதற்கு முன்பே காப்பி எடுத்து வைப்பது உத்தமம், போன பிறகு கம்ப்யூட்டர் திறக்காது. ஆனால் தன் சம்பளச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் பாகுபாட்டை நிரூபிக்க முடியாது. இன்னொருவர் சீட்டும் வேண்டும். அது பக்கத்து சீட்டில் இருக்கிறது.

'நாம ஏன் சார் அடுத்தவங்க விஷயத்துல...' என்பது நியாயமான பதில்தான். அவருக்கும் ஹவுசிங் லோன் இருக்கிறது. பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் இருக்கிறது. அவரைப் போய் வீரத் தியாகம் செய்யச் சொல்ல, இந்தப் பத்தியை வீட்டில் உட்கார்ந்து எழுதும் எனக்கு உரிமை கிடையாது. 'கேஸ் போடும்மா, விடாதே' என்று சொல்கிறவர்களைக் கண்டாலும் எனக்குக் கொஞ்சம் பயம்தான். ராஜஸ்தானில் பன்வாரி தேவி, அரசாங்கத் திட்டத்தின் ஊழியராகக் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். 1992ல் அதற்காகவே பலாத்காரம் செய்யப்பட்டார். 1995ல் குற்றவாளிகள் அல்ல என்று எல்லோரையும் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து கோர்ட் விடுவித்தது. அவருக்கு நடந்ததை வைத்துத்தான் 1997ல் விசாகா தீர்ப்பு வந்தது. 2013ல் பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம் வந்தது. நம் ஆபீஸ் பெண்கள் அதன் நிழலில் இருக்கிறார்கள். மரத்தை நட்டவருக்கு வெயில் மட்டும்தான்.

அதனால் கேள்வியைக் கொஞ்சம் சின்னதாக்கிக் கொள்வோம். போராட வேண்டாம். தெரிந்ததைச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

மகாபாரதத்தில் சபையில் திரௌபதி கேட்டது ஒரு சுத்தமான சட்டக் கேள்வி. தன்னையே தோற்றுவிட்டவருக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? சபையில் அத்தனை பெரியவர்கள். பீஷ்மர், தர்மம் ரொம்ப சூட்சுமமானது, என்னால் பதில் சொல்ல முடியவில்லை என்றார். இன்றைக்கு எச்.ஆர். மேனேஜர் சொல்வதும் ஏறக்குறைய அதுதான். எழுந்து பேசியவன் விகர்ணன். துரியோதனனின் சொந்தத் தம்பி. இது அநியாயம், அவளை ஜெயித்ததாகவே கணக்கு இல்லை என்றான். கர்ணன் அவனைச் 'சின்னப் பையன்' என்று உட்கார வைத்தான்.

விகர்ணன் அதற்காக வேலையை ராஜினாமா செய்யவில்லை. கடைசி வரை கௌரவர் பக்கம்தான் இருந்தான், அங்கேயே சண்டை போட்டுச் செத்தான். கட்சி மாறாமல், வீட்டை விட்டு வெளியேறாமல், தெரிந்த உண்மையை ஒரு தடவை எழுந்து சொல்ல முடியும் என்பதற்காக அவனை எனக்குப் பிடிக்கும்.

நம் ஆபீஸ்களில் அந்த ஒரு தடவையும் வேலையை விட்ட பிறகுதான் வருகிறது. ராய்ட்டர்ஸிடம் பேசியவர் முன்னாள் ஊழியர். லில்லி வழக்கில் ஜூரி முன்னால் வந்து, எங்களுக்கும் ஆண்களை விடக் குறைத்துத்தான் கொடுத்தார்கள் என்று சாட்சி சொன்ன இரண்டு பெண்களும் அங்கே முன்பு மேனேஜராக இருந்தவர்கள். ஒருத்திக்கு, தனக்குக் கீழே வேலை பார்த்த ஆண்களை விடவே சம்பளம் குறைவு. உள்ளே இருப்பவருக்கு வாய் இல்லை. வாய் வரும்போது அவர் வெளியே இருக்கிறார். சாட்சி சொன்னவரைப் பழிவாங்காமல் பார்த்துக்கொள்ள நம் சட்டங்கள் செய்திருப்பது ரொம்பக் குறைவு. இதில் மௌனம் சாதிப்பவரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை.

ஆனால் 2013 சட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள் விசாரணைக் கமிட்டி வைக்க வேண்டும். தலைவர் அங்கேயே வேலை பார்க்கும் சீனியர் பெண். உறுப்பினர்கள் அங்கேயே வேலை பார்ப்பவர்கள், ஒருவர் மட்டும் வெளி ஆள். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நியாயமான காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் கமிட்டி சேர்த்துக் கொடுக்கலாம். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். சிவில் கோர்ட் மாதிரி சாட்சியைக் கூப்பிடும் அதிகாரமும் அதற்கு உண்டு. அதாவது, 'நமக்கு எதுக்கு வம்பு' என்று ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்த பக்கத்து சீட்டுக்காரரைத் தேடிப் பிடித்து, சட்டம் நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. அல்லது சாட்சிக் கூண்டில். 'நான் பார்க்கலை, அன்னைக்கு லீவு' என்று சொல்லலாம். ஆபீஸ் வருகைப் பதிவேடும் அதே கமிட்டி மேஜைக்குத்தான் வரும்.

சம்பள விஷயத்தில் அந்தக் கமிட்டியும் கிடையாது. ரயிலில் எதிர் சீட்டுக்காரர் விழுப்புரம் வருவதற்குள் 'என்ன வாங்கறீங்க?' என்று கேட்டுவிடுகிற ஊர் இது. நாமும் சொல்லிவிடுவோம். கல்யாண வீட்டில் மொய் நோட்டில் எழுதியதை வரிசையாகப் படிக்கிறோம். அதே நாம், பத்து வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்ட தோழியிடம், அப்ரைசல் லெட்டரைக் கவிழ்த்து வைக்கிறோம். 'கான்ஃபிடென்ஷியல்' என்று மேலே அச்சடித்திருக்கிறதாம். அந்த ரகசியத்தால் யாருக்கு லாபம் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தால், அதிகம் வாங்குகிற நமக்குக்கூட இல்லை என்று தெரியும். அடுத்த வருஷம் நம்மைக் குறைக்கும்போதும் அதே கவிழ்த்து வைத்த காகிதம்தான்.

காட்ஸ்டன் சீட்டுக்காரரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆணா பெண்ணா, கணக்குப் பிரிவா பக்கத்து மேஜையா, தெரியாது. கையில் நாலு எண்களை வைத்துக்கொண்டு எத்தனை நாள் யோசித்தாரோ. ஒரு மாதமாக இருக்கலாம், பத்து வருஷமாகவும் இருக்கலாம். அவர் யோசித்த நாட்களையெல்லாம் கோர்ட் லில்லியின் கணக்கில்தான் எழுதிக்கொண்டது.